கடிதமும் கோப்பும்

1992-ல் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள லைம் ரீஜிஸ் என்ற சிற்றூரில் இளைஞர்களுக்கான சாகசப் பயிற்சி மையம் ஒன்றிலிருந்து இரண்டு பயிற்றுநர்கள் வேலையை விட்டு விலகினார்கள். விலகும்போது நிறுவனத்தின் இயக்குநருக்கு ஒரு கடிதம் போனது. இங்கே பாதுகாப்பு ஏற்பாடு இந்த லட்சணத்தில் இருந்தால், யாரோ பெற்ற பிள்ளை ஏன் வீடு திரும்பவில்லை என்று நீங்கள் ஒருநாள் பதில் சொல்ல வேண்டிவரும் என்பது அதன் சாரம். ஓராண்டு முடிவதற்குள் நான்கு பிள்ளைகள் வீடு திரும்பவில்லை.

இன்னொரு காகிதம் அமெரிக்காவில் இருந்தது. ஒன்றென்று சொல்ல முடியாது, ஆயிரக்கணக்கில் இருந்தன. சிறுவர்களிடம் தகாத முறையில் நடந்ததாகத் தெரியவந்த சாரணத் தலைவர்களின் பெயர்களை அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1920-களிலிருந்தே கோப்பு போட்டு வைத்துவந்தது. 'தகுதியற்ற தன்னார்வலர்கள்' என்பது அந்தக் கோப்புகளுக்கு அலுவலகப் பெயர். பூட்டிய அலமாரிக்குள் பல பத்தாண்டுகள் கிடந்த அவற்றைப் பொதுமக்கள் பார்க்க நீதிமன்றம் குறுக்கிட வேண்டியிருந்தது.

ஒன்று விபத்து, மற்றது குற்றம். கடலும் காமுகனும் ஒரே தராசில் நிற்குமா என்று கேட்கலாம். சாகும்போதோ சிதையும்போதோ அந்தக் குழந்தை எந்த நிலையில் இருந்தது என்று பார்த்தால் நிற்கும். வீட்டைவிட்டுத் தொலைவில், தெரியாத இடத்தில், தலைவர் சொன்னதைக் கேட்பதே ஒழுக்கம் என்று பழக்கப்பட்ட நிலையில், இரு இடங்களிலும் குழந்தை நின்றது. முகாமுக்கு அனுப்புவதே அதற்காகத்தான். அம்மா கண் பார்க்காத இடத்தில் பிள்ளை தானே நிற்கப் பழகட்டும், கஷ்டத்தைத் தாங்கட்டும், ஒரு குழுவுக்கு விசுவாசமாக இருக்கட்டும் என்பதுதான் பெற்றோரின் ஆசை. தொலைவு, கட்டுப்பாடு, தாங்குதல், விசுவாசம் ஆகிய இந்த நான்கும் முகாமின் பலம். தவறானவர் கையில் சிக்கினால் இந்த நான்கும்தான் குழந்தையின் வாயை அடைக்கின்றன.

இரண்டு நிகழ்வுகளிலும் ஆபத்து முன்பே தெரிந்திருந்தது, எழுதியும் வைக்கப்பட்டிருந்தது. எழுத்து எங்கே போய் நின்றது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

லைம் விரிகுடா

1993 மார்ச் 22. பிளிமத் நகரத்தின் சவுத்வே பள்ளியிலிருந்து எட்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் லைம் ரீஜிஸ் மையத்துக்கு வந்திருந்தார்கள். மையத்தின் இரு பயிற்றுநர்களோடு சேர்த்து மொத்தம் பதினோரு பேர், ஆளுக்கொரு கயாக். பக்கத்து ஊரான சார்மத் வரை கரையோரமாகத் துடுப்பு போட்டுப் போய்த் திரும்புவது திட்டம். நடந்து போகக்கூடிய தூரம்தான்.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஆசிரியரின் கயாக் கவிழ்ந்தது. நிமிர்த்தினார்கள், மறுபடி கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவரோடு நின்றுவிட, மற்றவர் எட்டு மாணவர்களின் கயாக்குகளையும் அருகருகே சேர்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கரையிலிருந்து கடலை நோக்கி வீசிய காற்று அந்தக் கூட்டத்தை மெல்ல வெளியே தள்ளியது. அலை உயர்ந்தது. படகோட்டியின் இடுப்பைச் சுற்றி இறுக்கி, தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் மூடுதுணி அந்தக் கயாக்குகளில் இல்லை. ஒவ்வொன்றாக நிரம்பி மூழ்கின. மார்ச் மாதத்து ஆங்கிலக் கால்வாயின் குளிரில் பிள்ளைகள் மணிக்கணக்கில் மிதந்தார்கள். வானில் ஏவ ஒரு ஒளிக்குண்டு கிடையாது, வானொலிக் கருவி கிடையாது. பயிற்றுநர்களிடம் இருந்தது தொடக்கநிலைச் சான்றிதழ். திறந்த கடலில் ஒரு குழுவை அழைத்துச் செல்லும் தகுதி அதற்கு இல்லை. மதியமே வந்திருக்க வேண்டியவர்கள் வரவில்லை என்று கடலோரக் காவல்படைக்கு மையம் சொல்லும்போது பிற்பகல் மூன்று மணி கடந்திருந்தது. பதினாறு, பதினேழு வயதுள்ள நான்கு பேர் இறந்தார்கள்.

1994 டிசம்பரில் வின்செஸ்டர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. மையத்தை நடத்திய ஓஎல்எல் நிறுவனத்துக்கு 60,000 பவுண்டு அபராதம். இயக்குநருக்கு மூன்றாண்டு சிறை, பிறகு மேல்முறையீட்டில் இரண்டாண்டாகக் குறைந்தது. உயிரிழப்புக்குக் காரணமான குற்றத்துக்காக ஒரு நிறுவனமே தண்டனை பெற்றது இங்கிலாந்துச் சட்ட வரலாற்றில் அதுவே முதல் முறை. வழக்கின் முதுகெலும்பாக நின்றது பயிற்றுநர்களின் கடிதம். இயக்குநருக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் அவருக்கே எழுதப்பட்டிருந்தது.

பூட்டிய அலமாரி

பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பு 1910-ல் தொடங்கியது. முகாம், கூடாரம், கயிற்று முடிச்சு, படகு, நற்செயல், தலைமைப் பண்பு என அமெரிக்கச் சிறுவர்களின் வளர்ப்பிலேயே ஓர் அங்கமாகிவிட்ட இயக்கம். தகாதவர்கள் உள்ளே நுழைவார்கள் என்பது அதன் நிர்வாகிகளுக்கு ஆரம்பத்திலேயே புரிந்திருந்தது. புரிந்ததால்தான் கோப்பு போட்டார்கள். வெளியேற்றப்பட்டவர் இன்னொரு ஊரில் போய் மறுபடி சாரணத் தலைவராகப் பதிவு செய்தால் பெயரை வைத்துப் பிடித்துவிடலாம் என்பது யோசனை. அந்தக் காலத்துக்கு அது மோசமான யோசனையும் இல்லை. அப்படிப் பட்டியல் வைத்திருந்த அமைப்புகள் அன்று எத்தனை இருந்தன?

கோளாறு அந்தப் பட்டியல் யாருக்காக வைக்கப்பட்டது என்பதில் இருந்தது. அமைப்பின் பெயர் கெடாமல் காப்பது அதன் முதல் வேலையாகிவிட்டது. பல நேரங்களில் காவல்துறைக்குச் சொல்லவில்லை. அந்த ஊர்ப் பெற்றோருக்கும் சொல்லவில்லை. வேலை மாறுகிறார், உடல்நலம் சரியில்லை என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி அந்த மனிதரைக் கௌரவமாக விலக விட்டார்கள். சிலர் வேறு ஊரில், வேறு மாதிரி எழுதிய பெயரில் திரும்பி வந்தார்கள்.

2010-ல் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் ஒரு வழக்கு நடந்தது. 1980-களில் ஓர் உதவிச் சாரணத் தலைவரால் பாதிக்கப்பட்டு இப்போது நடுவயதை எட்டிய ஒருவர் தொடுத்த வழக்கு. அந்த உதவித் தலைவர் தான் பல சிறுவர்களைத் துன்புறுத்தியதாக அப்போதே ஒப்புக்கொண்டிருந்தார். அப்படியிருந்தும் சாரணர்களோடு பழகும் வாய்ப்பு அவருக்கு அடைபடவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. தண்டனை இழப்பீடாக மட்டும் 1.85 கோடி டாலர் தர வேண்டும் என்று ஜூரி தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் சான்றாக வைக்கப்பட்ட கோப்புகளை வெளியிடலாம் என்று ஆரிகன் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012 அக்டோபரில் 1965 முதல் 1985 வரையிலான 1,200-க்கும் மேற்பட்ட கோப்புகள் வெளியே வந்தன.

அதன் பிறகு கதவை மூட முடியவில்லை. கால வரம்பு முடிந்துபோன பழைய குற்றங்களுக்கும் வழக்குத் தொடரலாம் என்று நியூயார்க் உள்ளிட்ட பல மாநிலங்கள் 2019 வாக்கில் சட்டத்தைத் திருத்தின. 2020 பிப்ரவரியில் அமைப்பு திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு நவம்பருக்குள், தாங்கள் பாதிக்கப்பட்டவர்கள் என்று கோரிக்கை வைத்தவர்கள் 82,000-க்கும் அதிகம். ஏறக்குறைய 246 கோடி டாலர் இழப்பீட்டுத் திட்டம் 2023-ல் நடைமுறைக்கு வந்தது. 2025-ல் அமைப்பு தன் பெயரையே 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' என்று மாற்றிக்கொண்டது.

மேலே போன எழுத்து, கீழே வராத எழுத்து

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது எழுத்து போன திசை. லைம் ரீஜிஸில் எச்சரிக்கை கீழிருந்து மேலே போனது. கடலில் இறங்கி வேலை செய்தவர்களுக்குத் தெரிந்தது, மேசையில் உட்கார்ந்தவருக்கு எழுதினார்கள், மேசையிலேயே நின்றுவிட்டது. அமெரிக்காவில் எச்சரிக்கை ஊர் ஊராக மேலே வந்து தலைமையகத்தில் சேர்ந்தது. அங்கிருந்து கீழே, அந்த மனிதர் அடுத்துக் குடியேறிய ஊரின் பெற்றோருக்கு, வரவேயில்லை. முன்னதில் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. பின்னதில் தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

கடிதத்தை மட்டும் படித்தவர் உள்ளேயே புகார் செய்ய நல்ல வழி வேண்டும் என்பார். கோப்பை மட்டும் படித்தவர் நல்ல பதிவேடு வேண்டும் என்பார். சேர்த்துப் படிக்கும்போது இரண்டு மருந்தும் போதாது என்று தெரிகிறது. புகார் வழி லைம் ரீஜிஸில் இருந்தது. பதிவேடு அமெரிக்காவில் இருந்தது. எங்குமே இல்லாதிருந்தது நிறுவனத்தின் மதிலுக்கு வெளியே நின்று அதைப் படிக்கும் ஒரு கண்.

அடுத்தது அளவு. ஓஎல்எல் சிறிய நிறுவனம். அதன் மூளையும் கையும் ஏறத்தாழ ஒரே மனிதர். அவருக்குத் தெரிந்தால் நிறுவனத்துக்குத் தெரிந்த மாதிரி. அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் நிறுவனத்தைத் தண்டிக்க அந்த 'ஒரு மூளை'யைக் காட்டியாக வேண்டும். 1987-ல் 193 பேரைப் பலிகொண்ட கப்பல் விபத்தில் பெரிய நிறுவனம் ஒன்றின் மீது போட்ட இதே குற்றச்சாட்டு நிற்காமல் போனதற்கு, அந்த மூளையைக் காட்ட முடியாததே காரணம். பெரிய நிறுவனங்களையும் பிடிக்கும்படி சட்டம் மாற 2007 ஆனது.

சாரணர் இயக்கமோ ஆலமரம். மேலே தேசியத் தலைமையகம், கீழே வட்டார மன்றங்கள், அதற்கும் கீழே ஒவ்வொரு குழுவுக்கும் இடமும் ஆதரவும் தரும் தேவாலயம், பள்ளி, சங்கம். ஒரு மனிதரைத் தேர்ந்தெடுப்பது சங்கம், பதிவு செய்வது மன்றம், கோப்பு வைப்பது தலைமையகம். ஏதாவது நடந்தால் மூவரும் மற்ற இருவரைக் காட்டலாம். தெரிந்த விஷயம் விழுதுகளுக்கிடையே கரைந்துபோனது. அதனால்தான் லைம் ரீஜிஸில் ஒரு குற்ற வழக்கில் இருபது மாதத்தில் முடிந்தது, அமெரிக்காவில் பல ஆயிரம் உரிமையியல் வழக்குகளாக நாற்பது ஐம்பது ஆண்டுகள் இழுத்தது. பிள்ளையைச் சேர்க்கும் முன் அமைப்பு பெரியது, பழையது, பேர்போனது என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். பொறுப்பு எந்தக் கையில் இருக்கிறது என்பது பெரிய அமைப்பில்தான் அதிகம் மங்கும்.

தண்ணீரில் எண்ணியவர்கள்

இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. அமெரிக்கச் சாரணர்களுக்கு நீச்சல் பாதுகாப்பு முறை ஒன்று பல பத்தாண்டுகளாக உண்டு. எட்டு அம்சங்கள் கொண்டது. தகுதியான மேற்பார்வையாளர் வேண்டும். ஒவ்வொருவரின் உடல்நிலையும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இடத்தின் ஆழமும் அடிமண்ணும் சோதிக்கப்பட வேண்டும். மீட்புக்கு ஆள் தயாராக நிற்க வேண்டும். கரையில் ஒருவர் கண் இமைக்காமல் பார்க்க வேண்டும். நீச்சல் தெரிந்தவர், அரைகுறை, தெரியாதவர் என்று பிரிக்க வேண்டும். இருவர் இருவராக இணை சேர்க்க வேண்டும். கட்டளைக்குக் கட்டுப்பட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதும்போது ஒவ்வோர் இணையும் கையைக் கோத்து உயர்த்த வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் ஆட்டம் தொடரும்.

லைம் விரிகுடாவில் இருந்திருக்க வேண்டியவை ஏறத்தாழ எல்லாமே இந்தப் பட்டியலில் இருக்கின்றன. தகுதி, இடம், மீட்பு, கரையிலிருந்து கண்காணிப்பு. ஆங்கிலேயரின் மையத்தில் இல்லாத அறிவு அமெரிக்கரிடம் கையேடாகவே இருந்தது. தண்ணீரில் இவ்வளவு கச்சிதமாக எண்ணிய அமைப்புக்குக் கூடாரத்துக்குள் யார் யாரோடு தூங்குகிறார்கள் என்று எண்ணத் தோன்றாமல் போனது ஏன்?

தண்ணீரை எவரும் மரியாதைக்குரியவராக நினைப்பதில்லை. ஏரியின் ஆழத்தைச் சோதித்தால் ஏரி கோபித்துக்கொள்ளாது. ஊரில் நல்ல பெயர் எடுத்த, ஞாயிறுதோறும் தேவாலயத்துக்கு வரும், வருடக்கணக்கில் சம்பளம் வாங்காமல் பிள்ளைகளுக்காக உழைக்கும் மனிதரைச் சோதிப்பது அவமரியாதையாகப் பட்டது. பாதுகாப்பு விதிகள் தண்ணீரைச் சந்தேகித்தன, மனிதரைச் சந்தேகிக்க வெட்கப்பட்டன.

1980-களின் இரண்டாம் பாதியில் அந்த வெட்கம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. எந்த நிகழ்ச்சியிலும் பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒரு பெரியவரும் ஒரு சிறுவரும் தனியாக இருக்கக் கூடாது, பெரியவரும் சிறுவரும் ஒரே கூடாரத்தில் தூங்கக் கூடாது, குளியல் தனித்தனியே இருக்க வேண்டும், எதுவும் ரகசியமாக இருக்கக் கூடாது என விதிகள் வந்தன. குற்றப் பின்னணிச் சோதனையும் பாதுகாப்புப் பயிற்சியும் பின்னர் கட்டாயமாயின. கைபேசி வந்த பிறகு, சாரணருக்குத் தலைவர் அனுப்பும் செய்தியிலும் இன்னொரு பெரியவர் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று விதி நீண்டது. கூர்ந்து பார்த்தால் இது நீச்சல் குளத்து விதியேதான். இணை சேர், பார்வையில் இரு, எண்ணு. கரைக்கும் தண்ணீருக்கும் இடையே இருந்த விதி கூடாரத்துக்கு வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது.

இந்த விதியில் இன்னொரு நயமும் உண்டு. அது யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. இரண்டு பெரியவர் வேண்டும் என்றால் அதில் நல்லவரும் அடக்கம், தலைமையாசிரியரும் அடக்கம். மனிதரைத் தரம் பிரிக்க முயன்றது கோப்பு, இடத்தையும் நேரத்தையும் தரப்படுத்துகிறது விதி. மனிதரைத் தரம் பிரிப்பதில் நாம் எப்போதும் தோற்கிறோம்.

முன்னால் வந்த சட்டம், பின்னால் வந்த பணம்

லைம் விரிகுடாவுக்குப் பிறகு பிரிட்டன் போன பாதை வேறு. பிளிமத் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஜேமிசன் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1995-ல் அது சாகச மையங்கள் சட்டமாயிற்று. 1996-லிருந்து பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் குகைப் பயணம், மலையேற்றம், பாறையேற்றம், நீர் விளையாட்டு ஆகியவற்றைக் காசுக்கு நடத்துவோர் உரிமம் பெற வேண்டும். ஆய்வாளர் நேரில் வருவார். பயிற்றுநரின் தகுதி, படகின் நிலை, காற்று மாறினால் என்ன செய்வீர்கள், யாரைக் கூப்பிடுவீர்கள் என்றெல்லாம் கேட்பார். உரிமம் அதிகபட்சம் மூன்றாண்டு, பிறகு மறுபடி வருவார். இயக்குநரின் மேசையில் நின்ற கடிதத்தைப் படிக்க அன்று இல்லாத வெளிக்கண் இப்படி உருவானது. வீண் கெடுபிடி என்று 2010-ல் அரசின் ஆய்வறிக்கை ஒன்றே இந்த ஏற்பாட்டைக் கைவிடச் சொல்லியும் அது தப்பிப் பிழைத்தது.

அமெரிக்காவில் தேசிய அளவில் அப்படி ஓர் உரிமம் வரவில்லை. அங்கே திருத்தியது நீதிமன்றமும் பணமும். இழப்பீடு பாதிக்கப்பட்டவரின் உரிமை, அதைக் குறைத்துப் பேச எவருக்கும் தகுதியில்லை. ஆனால் அது குழந்தை வளர்ந்து, திருமணமாகி, பலர் விஷயத்தில் பேரனும் பார்த்த பிறகு வந்து சேரும் நியாயம். உரிமம் படகு கிளம்பும் முன் கேள்வி கேட்கிறது. இழப்பீடு படகு மூழ்கிய பிறகு கணக்குப் பார்க்கிறது. ஆனாலும் நூறு ஆய்வாளர்கள் போனாலும் திறக்காத அலமாரியைத் திறக்க வைத்தது வழக்குதான் என்பதையும் மறக்கக் கூடாது. உரிமத்துக்கு அலமாரிச் சாவி கேட்கும் அதிகாரம் கிடையாது.

பிரிட்டனின் சட்டத்திலும் ஓட்டை உண்டு. காசுக்கு நடத்துவோருக்குத்தான் உரிமம். தன் மாணவர்களை அழைத்துச் செல்லும் பள்ளிக்கும், தன் உறுப்பினர்களை அழைத்துச் செல்லும் தன்னார்வச் சங்கத்துக்கும் விலக்கு. தவிர, உரிமம் காற்றையும் கயிற்றையும் கேட்கிறதே ஒழிய மனிதரைக் கேட்கவில்லை. இந்த ஓட்டையின் அகலத்தை அந்த நாடு அதே 1996-ல் கண்டது. ஸ்காட்லாந்தில் சிறுவர்களைக் குளிர்காலப் பயணத்தில் அழைத்துச் சென்று தன்னோடு வேனில் தூங்க வைத்த ஒருவரின் சாரணத் தலைவர் பதவி 1974-ல் பறிக்கப்பட்டது. சாரணர் சங்கத்தின் பட்டியல் அவரைத் திரும்ப நுழைய விடவில்லை. பட்டியல் தன் வேலையைச் செய்தது. அவரோ வெளியே போய்ப் பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகச் சிறுவர் சங்கங்கள் தொடங்கினார், கோடை முகாம்கள் நடத்தினார். புகார்கள் வந்தன, விசாரணைகள் நடந்தன, எதுவும் நிற்கவில்லை. 1996 மார்ச் 13 அன்று டன்பிளேன் பள்ளியில் பதினாறு குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக்கொன்றவர் அவர்தான். விசாரித்த கல்லன் பிரபு, துப்பாக்கிச் சட்டத்தோடு சிறுவர் சங்கங்களை நடத்துவோருக்கான அங்கீகார முறையையும் பரிந்துரைத்தார். ஓர் அமைப்பின் பட்டியல் அதன் வாசலோடு முடிந்துவிடுகிறது. வாசலுக்கு வெளியே போனவர் இன்னொரு பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம்.

ஒரே ஆண்டில் இரண்டும்

இது வெள்ளைக்காரர் ஊர்க் கதை என்று தள்ளிவிட நமக்கு வழியில்லை. 2024-ல் இந்தியாவில் இரண்டும் நடந்தன.

ஜனவரி 18. குஜராத்தின் வதோதராவில் ஹர்ணி ஏரிக்குச் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகளை அளவுக்கு மேல் ஏற்றிய படகு கவிழ்ந்தது. எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி இல்லை. பன்னிரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தார்கள். லைம் விரிகுடா முப்பத்தோரு ஆண்டு கழித்து ஓர் ஏரிக்கு வந்தது போல இருந்தது.

ஆகஸ்ட் மாதம், கிருஷ்ணகிரி மாவட்டம். தனியார் பள்ளி ஒன்றில் என்சிசி முகாம் என்ற பெயரில் ஐந்து நாள் முகாம் நடந்தது. மாணவிகள் இரவில் பள்ளியிலேயே தங்கினார்கள். பயிற்சியாளர் என்று வந்தவரால் பதின்மூன்று வயதை ஒட்டிய சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள், வேறு மாணவிகளும் அத்துமீறலுக்கு ஆளானார்கள். அந்த முகாமுக்கும் தங்களுக்கும் தொடர்பே இல்லை என்று என்சிசி தெரிவித்தது. தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லவில்லை என்று பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள்.

இந்த ஒரு நிகழ்வில் மேலே பார்த்தவை அத்தனையும் மடிந்து கிடக்கின்றன. என்சிசி 1948-ல் தனிச் சட்டத்தின் கீழ் அமைந்தது, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. அந்தப் பள்ளியில் அதன் பிரிவு உண்டா, முகாமுக்கு அனுமதிக் கடிதம் எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். உரிமம் கேட்கும் கேள்வி அது. மாணவிகள் தூங்கும் இடத்தில் இரவில் யார் இருப்பார் என்று ஒருவர் கேட்டிருந்தாலும் போதும். இரண்டு பெரியவர் விதி கேட்கும் கேள்வி அது. காக்கிச் சட்டைக்கும் விசிலுக்கும் நாம் தரும் மரியாதையில் இரண்டு கேள்வியும் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

ஒரு விஷயத்தில் நம் சட்டம் அந்த இரண்டு நாடுகளின் பழைய நிலையைவிட முன்னே நிற்கிறது. 2012-ன் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி குழந்தைகள் மீது பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது 21-வது பிரிவின்படி குற்றம். நிறுவனத்துக்குப் பொறுப்பானவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. அலமாரியில் கோப்பு வைத்துப் பூட்டுவது இங்கே சட்டப்படி முடியாது. ஆனால் இந்தச் சட்டம் பேசத் தொடங்குவது குற்றம் நடந்த பிறகு. முகாம் தொடங்கும் முன் பேசுவதற்கு நம்மிடம் இருப்பது சுற்றறிக்கைகள், அப்புறம் ஒரே ஒரு காகிதம்.

அது பெற்றோரின் ஒப்புதல் கடிதம். சுற்றுலா, முகாம், மலைப்பயணம் என்று எதற்கானாலும் பிள்ளை முந்தின நாள் இரவு புத்தகப் பையிலிருந்து எடுத்து நீட்டும். என் மகனை, மகளை முழு சம்மதத்துடன் அனுப்புகிறேன், எதிர்பாராமல் ஏதும் நேர்ந்தால் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல என்று ஏற்கெனவே அச்சிட்டிருக்கும். நாம் நிற்க நேரமில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். இந்தக் கட்டுரையின் மூன்றாவது காகிதம் இது. முதல் காகிதம் நிறுவனத்தை எச்சரித்தது. இரண்டாவது நிறுவனத்தைக் காத்தது. மூன்றாவதும் நிறுவனத்தைத்தான் காக்கிறது, அதில் கையெழுத்து மட்டும் நம்முடையது.

அதே தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. நடத்துவது யார், அவருக்கு அனுமதி தந்தது யார், தண்ணீரில் இறங்கினால் கரையில் நிற்பது யார், இரவில் பிள்ளைகளோடு இருக்கும் இரண்டு பெரியவர் யார் யார் என்று நான்கு வரிகள் அங்கே தாராளமாகக் கொள்ளும். பள்ளி நிரப்பித் தரட்டும், பிறகு முன்பக்கத்தில் நாம் கையெழுத்துப் போடலாம். ஐந்தாவது வரியைப் பிள்ளைக்காக ஒதுக்கலாம். தலைவரைக் கேட்காமல், ஆசிரியரைக் கேட்காமல், முகாமின் மதிலைத் தாண்டிப் பேச அதற்கு ஓர் எண் வேண்டும். நாடு முழுக்க இலவசமாகக் குழந்தைகளுக்கென்றே இருக்கும் எண் 1098. அதை மனப்பாடம் செய்யாத பிள்ளையின் கூடாரப் பையில் டார்ச் லைட் வைத்து என்ன பயன்?